எல்லாரும் 'நோட்டட்' போட்ட படம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஜெனியின் வெள்ளை யூனிஃபார்மை அயர்ன் பாக்ஸ் வைத்தே காயவைத்தேன். சுதந்திர தினத்துக்கு மார்ச் பாஸ்ட் ஒத்திகை. அவள் ஹவுஸுக்கு அவள்தான் லீடர். முன்னால் தனியாக நடந்து, மேடைக்கு நேரே வந்ததும் சல்யூட் வைக்க வேண்டும். ஒரு மாதமாக எங்கள் ஹாலில் லெஃப்ட் ரைட். மேலே மாவு இடிக்கிறீர்களா என்று கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து கேட்டே விட்டார்.

சாயங்காலம் வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. என் பழைய போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள். ரொம்ப நேரம். வெளியே வந்து போனை நீட்டினாள்.

"மம்மி, இது நான் இல்ல. சத்தியமா நான் இல்ல."

முகம் மட்டும் அவளுடையது. கீழே யாரோ. அவள் வகுப்புப் பையன் ஒருத்தன், ஏதோ ஏஐ ஆப்பில் செய்திருக்கிறான். பையன்கள் குரூப்பில் சுற்றியிருக்கிறது. இவள் தோழி அஃப்ரீன் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறாள். முகத்தை எங்கிருந்து எடுத்தான்? பள்ளிக்கூடம் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட ஒத்திகைப் போட்டோவிலிருந்து.

ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, பெற்றவளிடம் "நான் இல்லை" என்று சத்தியம் பண்ணுகிறது. சோறு வடிக்க மறந்து குழைந்துபோனது.

ஆகஸ்ட் 6, புதன்

ஆபீஸுக்கு லீவு. பள்ளிக்குப் போனேன். கிளாஸ் டீச்சர் பிரமிளா மிஸ் நம்ம ஊர்க்காரர், கே.ஜி.எஃப். தங்கவயல். கையைப் பிடித்துக்கொண்டார். கோஆர்டினேட்டர் மேடம் பாலிசியைக் கொடுத்தார். வழவழ தாள், கலர் பிரிண்ட்.

நானும் ஹெச்.ஆரில் இருப்பவள்தான். என்ன நடந்தாலும் கம்பெனி தலையில் விழாதபடி எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இது அதையும் தாண்டியது:

- பள்ளியில் போன் தடை. ஆகவே போனில் நடப்பது பள்ளியில் நடப்பது ஆகாது.
- புகார் எழுத்தில். ஆதாரத்தை இணைத்தே ஆக வேண்டும்.
- சம்பந்தப்பட்ட மாணவர்கள் இருவருக்கும் கவுன்சலிங். (இருவருக்குமாம்!)
- படத்தை யார் அனுப்பினாலும், எந்தக் காரணத்துக்கு அனுப்பினாலும், கடும் நடவடிக்கை.

கடைசி வரி ஒன்றுதான் உருப்படி.

படத்தை இணைக்க முடியாது என்றேன். "நோடி மேடம், எவிடென்ஸ் இல்லாம ப்ராசஸ் ஸ்டார்ட் ஆகாது" என்று கன்னடம் கலந்து சொன்னார் கோஆர்டினேட்டர். பிரின்சிபால் கண்ணுக்கு மட்டும், ரகசியம் என்று மேலே போட்டு கோஆர்டினேட்டருக்கு மெயில் அனுப்பினேன்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இவரோடு சண்டை. ஆடுகோடி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் ஆரம்பித்தார்.

"பெருசு பண்ணாதடி. பொண்ணு பேரு கெட்டுப்பூடும்."

"அவ இன்னா பண்ணா, அவ பேரு கெடுறதுக்கு? அந்தப் பையன் பேரு கெடாதா?"

"ஊரு அப்படிப் பாக்காது."

"ஊரு வேணாம். நீ எப்படிப் பாக்கற?"

சாப்பிடாமல் படுத்துவிட்டார். பாவம், அவருக்கும் ஆத்திரம்தான். யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் என்மேல் காட்டுகிறார். அதற்காக நான் பொறுத்துப்போக முடியாது.

ஜெனி இன்றும் ஒத்திகைக்குப் போனாள். பின்வரிசையில் யாரோ சிரித்தானாம். திரும்பிப் பார்க்கவில்லையாம். லீடர் திரும்பக் கூடாது என்றாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மீட்டிங் நடுவில் கோஆர்டினேட்டர் போன். கம்பெனி வராந்தாவில் நின்று பேசினேன்.

விஷயம் ஆறும்வரை ஜெனி வீட்டிலேயே இருக்கட்டுமாம். "அவள் பாதுகாப்புக்காக." மார்ச் பாஸ்டுக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்களாம்.

அந்தப் பையன்?

விசாரணை முடியாமல் அவனை ஒதுக்கினால் நியாயம் இல்லையாம். கொடி தூக்கும் குழுவில் இருக்கிறானாம், கடைசி நேரத்தில் மாற்ற முடியாதாம்.

என் பெண்ணை மாற்ற முடிந்ததே, அது எந்த நேரம் என்று கத்தினேன். ரிசப்ஷனில் எல்லாரும் திரும்பினார்கள். பார்க்கட்டும்.

வீட்டில் ஜெனியிடம் சொன்னேன். "சரி மம்மி" என்றாள். அவ்வளவுதான். ஹால் அமைதி. கீழ்வீட்டுக்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரமிளா மிஸ் போன் பண்ணினார். பேச முடியாமல் அழுகை.

"அக்கா, உங்களுக்குச் சொல்லாம இருக்க என்னால முடியல. அந்தப் படத்தை கோஆர்டினேட்டர் ஸ்டாஃப் குரூப்ல போட்டாங்க. புதன்கிழமையே."

அந்தக் குரூப்பில் எல்லாம் வரும். பஸ் லேட், தேர்வு டைம்டேபிள், யாருக்கோ பிறந்தநாள். மேடம் எது போட்டாலும் கீழே எல்லாரும் 'நோட்டட் மேம்' என்று போட்டாக வேண்டும். போடாதவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதே வழக்கப்படி என் பிள்ளையின் படம். 'இந்த மாணவி விஷயமாக அனைவரும் கவனமாக இருக்கவும்.' கீழே வரிசையாக நோட்டட் மேம், நோட்டட் மேம். சிலர் கும்பிடும் கை வேறு. கணக்கு சார், ஒத்திகை நடத்தும் பி.டி. சார், ஆபீஸ் கிளார்க், பஸ் இன்சார்ஜ். எல்லாரும்.

"மிஸ், நீங்களும் போட்டீங்களா?"

"போட்டேன்க்கா" என்றார்.

போனை வைத்துவிட்டேன். பையனாவது திருட்டுத்தனமாகச் செய்தான். இவர்கள் கடமை என்று செய்திருக்கிறார்கள். எனக்கு இவர்கள்மேல்தான் அதிகக் கோபம்.

ஜெனியிடம் மறைக்க நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சொல்லிவிட்டேன். ஒரே கேள்வி கேட்டாள்: "பி.டி. சாருமா மம்மி?"

ஆகஸ்ட் 13, புதன்

பிரின்சிபால் கூப்பிட்டார். நானும் வருவேன் என்று ஜெனி பிடிவாதம். வெள்ளை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டாள். இவரும் ஒர்க்‌ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு பைக்கில் பின்னால் வந்தார். நான் கூப்பிடவில்லை.

பாலிசியைத் திறந்து அந்தக் கடைசி வரியை உரக்கப் படித்தேன். யார் அனுப்பினாலும், எந்தக் காரணத்துக்கு அனுப்பினாலும். "இது கோஆர்டினேட்டர் மேடத்துக்குப் பொருந்துமா?"

"அது மாணவர்களுக்கு, மேடம்."

பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம். எனக்குப் பேச்சு தடித்தது. இவர் என் தோளைத் தொட்டார். அடக்கத்தான் தொடுகிறார் என்று நினைத்தேன். "பேசு, பேசு" என்றார்.

பேசினேன். பிரின்சிபால் தண்ணீர் குடித்தார். பிறகு இறங்கி வந்தார். தவறு நடந்துவிட்டது, குரூப்பில் அழித்தாயிற்று, பையனை ஒரு வாரம் நிறுத்துகிறோம், பதினைந்தாம் தேதி ஜெனியே லீட் பண்ணட்டும். ஒன்றே ஒன்று, போலீஸ் கீலீஸ் வேண்டாம். சுமுகமாக முடிந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

ஜெனியைப் பார்த்தேன். ஒரு மாதம் நடந்த நடை. சரி என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டால் எழுதிக்கூடக் கொடுத்திருப்பேன்.

அவள் எழுந்து நின்றாள். இங்கிலீஷில்தான் கேட்டாள்.

"மேம், அன்னைக்கு மேடைல யாரெல்லாம் உக்காருவீங்க?"

"நாங்க எல்லாரும்தாம்மா. மொத்த ஸ்டாஃபும்."

"எல்லாரும் அந்தப் படத்தைப் பாத்தவங்க. நோட்டட் போட்டவங்க. இதுல நான் யாருக்கு மேம் சல்யூட் வைக்கணும்?"

மூலையில் நின்ற பிரமிளா மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே நல்ல மழை. ரெயின்கோட் எடுத்து வரவில்லை. ஸ்கூட்டரில் ஏறி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மம்மி, போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"