புகையில்லாத மூன்று நாள்

வெள்ளிக்கிழமை, இரவு.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கரண்டு குக்கரில்தான் மூன்று நாளாகச் சோறாக்குகிறேன். தானே வெந்து தானே நின்றுவிடுகிறது. குழம்புக்கு மண்ணெண்ணெய் அடுப்பு. விறகையே தொடவில்லை.

என் வீட்டுக்காரர் கிராணியாகக் கணக்கெழுதும் இந்த ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர், இன்று போலீஸோடு வந்து நின்றார்.

"கிராணியம்மா, மூணு நாளா ஒங்க வீட்ல பொகையே இல்லியாமே. ரேஷன் அரிசிய ஆக்காம, காட்டுல துப்பாக்கியோட ஒளிஞ்சிருக்கிற காட்டுக்காரனுக்குக் குடுத்துட்டீங்களா?"

குக்கரைத் திறந்து காட்டினேன். சோற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புகைக்கூண்டு தெரிவது பக்கத்து வீட்டு மேரிக்கு மட்டும்தான். குக்கரில் ஆக்கிய முதல் சோற்றையே அவளுக்குத்தான் போட்டேன். "வெறகே வேணாமாக்கா?" என்று கேட்டுக்கேட்டுச் சாப்பிட்டாளே!

நாளை குக்கரில் சோறு வேகும்போதே அடுப்பில் ஈர விறகை மூட்டப்போகிறேன். மேரி கண்ணெரியப் பார்க்கட்டும்.