வெள்ளிக்கிழமைக் கடல்

யூலை 7, திங்கள்

கச்சான், மேற்கிலிருந்து வரும் அனல் காற்று. அலுவலக மின்விசிறி சுற்றுகிறது. அதற்குமேல் அதற்குப் பொறுப்பில்லை. அறிக்கை முடிக்க வேண்டும்.

கருவி இதுதான்: கடலுக்குள் மூழ்கும் சுழியோடியின் மணிக்கட்டில் ஒரு பொத்தான். ஆபத்தில் அழுத்தினால் நீருக்குள் ஒலி போகும், மேலே படகில் பெட்டி கூவும். எவ்வளவு அடிக்கடி கூவாமல் விடும் என்று கணிப்பது என் வேலை. என் வளைவு தரவுகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல. இத்தனை வருடப் புள்ளிவிபரவியலில் எதுவும் இப்படிப் பொருந்தியதில்லை. சந்தேகப்பட வேண்டிய அளவுக்கு.

பணிப்பாளர் மிஸ் வந்தார். "நசூரிட்ட இருந்து கயித்தை வாங்கிட்டன். இடுப்பில கயிறு கட்டிக்கொண்டு நிண்டா, பிறகு கருவி என்னத்துக்கு எண்டு கேப்பாங்கள்."

நசூர் கிண்ணியாக்காரர். கடலட்டைக்குச் சுழியோடுபவர். எங்களுக்குப் படகு தருபவரும் அவரே. சனிக்கிழமை விருந்தினர் முன் இறங்கிக் காட்டுவார். அடுத்த திங்களிலிருந்து தொழிலுக்கும் கயிறில்லாமல் இதே கருவிதான்.

யூலை 8, செவ்வாய்

நசூர் மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனார். படகு சும்மா. கடைசியாக ஒருதரம் அளக்கலாமென்று போனோம். மூதூர்ப் பக்கம் போகிற, வருகிற இயந்திரப் படகுகளின் இரைச்சல். அந்த இரைச்சலில் பெட்டி பெரும்பாலும் மௌனம்.

பின்னேரம் தரவுகளைப் புரட்டினேன். இதுவரை அளந்ததெல்லாம் வெள்ளி, நண்பகல். நசூர் ஜும்மாவுக்குப் போகும்போதுதான் படகை எங்களுக்கு விடுவார். குடாவின் மற்றப் படகுக்காரர்களில் பாதிப்பேரும் அப்போது பள்ளிவாசலில். நான் கணித்தது கடலை அல்ல, தொழுகை நேரத்தை.

வெறும் தேநீர். தலையிடி.

யூலை 9, புதன்

பணிப்பாளரிடம் சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமையை எடுத்துவிடுங்கோ. ஒரு நாள்தானே."

"வெள்ளி இல்லாத நாள் எங்களிட்ட அது ஒண்டுதான், மிஸ்."

யோசித்தார். விஞ்ஞானம் முன்னேறியது. "அப்ப நிகழ்ச்சிய வெள்ளி மத்தியானம் வைப்பம்."

"நசூர் தொழப் போயிடுவார்."

"நீங்கள் நீந்துவியள்தானே?"

ஓம் என்றுவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

நசூருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சேர் கயிறு கட்டித்தானே இறங்குவீங்க?"

"கட்டுவன்."

"அப்ப திங்கக்கிழமை எனக்கு?"

கருவியைப் பைக்குள் வைத்தேன்.

யூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. அலுவலகம் பூட்டு. குசினியிலிருந்து மனைவி: "கிணத்தடியில வழுக்கினாலே கத்துற ஆள், கடலுக்குள்ள இறங்கப் போறார்."

அலுமாரியில் பழைய நீச்சல் காற்சட்டை. சுருங்கியிருக்கிறது. அல்லது நான்.

திறந்திருந்த ஒரு கடையில் நைலோன் கயிறு வாங்கினேன். பணிப்பாளருக்குச் சொல்லவில்லை.

யூலை 11, வெள்ளி

பிரதம விருந்தினர் தாமதம். விளக்கேற்றல். வரவேற்புரை. தலைமையுரை. சிறப்புரை, பிறகு அதைவிடச் சிறப்பான உரை. நான் இடுப்பில் ஈயப் பட்டியும் கயிறும் கட்டி, மேலே சட்டை போட்டபடி கரையில் ஒரு கதிரையில்.

நன்றியுரைக்கு முன்னரே ஜும்மா முடிந்துவிட்டது. தூரத்தில் முதல் இயந்திரம் உயிர்பெற்றது. பிறகு மற்றவை. நசூர் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்து படகில் ஏறினார். கயிற்றின் மறுமுனையைக் கையில் எடுத்தார்.

பணிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு: "படத்தில தெரியாம பிடியுங்கோ."

படகிலிருந்து கடலுக்குள் இறங்கினேன். அழுத்தினேன். மேலே படகின் அடி, அசையாமல். மறுபடியும். ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. இரைச்சல் மட்டும், எல்லாத் திசையிலும். ஈயம் கீழே இழுக்கிறது. மூச்சு முட்டியது. பொத்தானை விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தேன்.

நசூர் தூக்கியெடுத்தார். கைதட்டல். பிரதம விருந்தினர்: "அருமையான கருவி! எல்லாச் சுழியோடிகளுக்கும் குடுக்க வேணும்."

பணிப்பாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்ட வேண்டும் என்று பொருள்.

உப்புத் தண்ணீரைத் துப்பினேன். "பெட்டி கூவேல்லை. என்னை எடுத்தது கயிறு."

கைதட்டல் நின்றது. நசூர் என் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது இனி என்ட, சேர்."