தோலோடு தின்ற கிழங்கு

அக்கா, இன்றைக்கும் எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார்கள். அடுத்த தெருவில் அத்திவாரம் வெட்டும்போது, உலகச் சண்டைக் காலத்துக் குண்டு ஒன்று வெடிக்காமல் கிடந்ததாம். அதே பள்ளிக்கூட மண்டபம், அதே மடக்குக் கதிரை, அதே முட்டைக்கோவா சூப்பின் மணம். நீங்கள் இருந்த கதிரையில் இன்று என் கைப்பை இருக்கிறது.

எட்டு வருடங்களுக்கு முன்னும் ஒரு குண்டுக்காக இங்கே வந்து இருந்தோம். கீழ்வீட்டு ஜெர்மன்காரி நீங்கள், மேல்வீட்டுத் தமிழ்ச்சி நான். எனக்கு விளங்கவேண்டும் என்று சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னீர்கள். அந்த உலகச் சண்டையின்போது உங்களுக்கு ஒன்பது வயது. டோர்ட்மண்ட் நகரம் எரிந்துகொண்டிருந்த நாட்கள். குண்டுபோட வந்த விமானம் ஒன்றைச் சுட்டு விழுத்தியிருந்தார்கள். அதிலிருந்து பரசூட்டில் குதித்த ஒருவன் உங்கள் தோட்டக் குடிலில், சாக்குகளுக்குள் ஒளிந்திருந்தான். கை வெந்திருந்தது. நீங்கள் ஓர் அவித்த உருளைக்கிழங்கு கொடுத்தீர்கள். தோலோடு தின்றான். தர வேறொன்றுமில்லாமல், சட்டையிலிருந்த பித்தளைப் பொத்தானைப் பிய்த்துத் தந்தான்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, அவனை நான் "ஃபெராட்டன்" என்றீர்கள்.

எனக்கு அது "ஃபெர்ஹைராட்டெட்" என்று கேட்டது. கலியாணமானவர் என்று ஒவ்வொரு படிவத்திலும் நான் புள்ளடி போட்ட சொல். வாய்விட்டுச் சிரித்தேன். "ஒன்பது வயசிலையோ அக்கா கட்டினனீங்கள்? மாப்பிள்ளை வடிவோ?"

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். பக்கத்திலிருந்த என் பேத்தி கையைக் கிள்ளினாள். "அம்மம்மா, சிரியாதேங்கோ! காட்டிக்குடுத்திட்டன் எண்டு சொல்லுறா."

காட்டிக்கொடுத்தல். எங்கள் ஊரில் அந்தச் சொல் விழுந்தால் கூடியிருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அயல்வீட்டுச் சீருடைக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அவனைத் தெருவுக்கு இழுத்து, மண்வெட்டியால் அடித்தே கொன்றிருக்கிறார்கள். நீங்கள் வேலிக்குள் நின்று பார்த்திருக்கிறீர்கள். மிச்சத்தைப் பேத்திதான் தமிழில் சொன்னாள்.

உங்களைத் தேற்றத்தான் நினைத்தேன். "நல்ல வேலைதானே செய்தனீங்கள்" என்றேன். எங்கள் ஊர்ச் சண்டையில், ஆகாயத்திலிருந்து விழுந்த குண்டுக்கு ஏழு வயது மகனைக் கொடுத்தவள் நான். பங்கர்க் குழிக்குள் இறங்க அவன் இன்னும் நாலே எட்டு வைக்கவேண்டியிருந்தது. போட்டவனுடைய முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவன் என் முற்றத்தில் விழமாட்டானா என்று எத்தனை நாள் அண்ணாந்து பார்த்திருப்பேன்!

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "இல்லை. அவன் என்ரை கிழங்கைச் சாப்பிட்டவன்."

என்ன பேச்சு அது? என் பிள்ளையைத் தின்ற சாதிக்கு நீங்கள் அழுவதா? அன்றோடு உங்கள் கதவைத் தட்டுவதை விட்டேன். வாசலில் கண்டால் சுவரைப் பார்த்தேன். இரண்டு வருடம். நீங்களும் ஒருதரம் மேலே ஏறி வந்து மணியடித்திருக்கலாம். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் செத்த பிறகு உங்கள் மகள் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தாள். "மேல்வீட்டுக்கு" என்று உங்கள் கையெழுத்து. உள்ளே அந்தப் பொத்தான். திருகினால் திறக்கிறது, அதற்குள் சின்னத் திசைகாட்டி. தப்பிப்போக வழி காட்டுவதையே ஒரு கிழங்குக்காகக் கொடுத்திருக்கிறான், விசரன்.

இன்றைய சூப்பிலும் கிழங்கு கிடக்கிறது. அதைக் கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். என் மகன்மேல் குண்டு போட்டவன் கை வெந்து, பசியோடு என் குசினி வாசலில் வந்து நின்றால் என்ன செய்வேன்? காட்டிக்கொடுப்பேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முதல் சோறு போட்டுவிடுவேன், அக்கா. அதுதான் என்னை இருக்கவிடுகுதில்லை.

அவனை நான் மன்னிக்கவில்லை. அந்த இரண்டு வருடத்துக்கு உங்களையும் மன்னிக்கவில்லை. வெளிக்கிடச் சொன்னபோது இரண்டு சாமான்தான் எடுத்தேன். மகனின் படம் கைப்பைக்குள் இருக்கிறது. பொத்தானை அதோடு சேர்த்து வைக்க மனம் வரவில்லை. அது கோட்டுப் பையில், தனியாக. ஒரு கை அதன்மேலேயே இருக்கிறது.