கன்னத்துக்குள் பச்சைப் பொட்டு

என்னை வளர்த்த வாயாடி, பாண்டியம்மா அக்காவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. இன்னும் சோற்றைக் குழையவே வடிக்கிறேன். என் பல்லுக்கு ஒன்றும் கேடில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. மில்லில் ஷிப்ட் முடிந்து காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்டைத் திறந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்கிறேன். எதிரே ஆள் இல்லாதபோது எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கொன்றது ஆபரேஷன்தான் என்று நீ காய்க்கடை போட்டிருந்த பரவைச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். புற்றுநோயில் கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவுமாம், அதற்கு நீதான் சாட்சியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ செத்தது மஞ்சள் காமாலையில். அந்த மழைக்காலத்தில் நம் தெருவில் பாதி வீட்டுக்கு அது இருந்தது. கடைசி வாரம்கூட டாக்டர் டார்ச் அடித்து உன் வாயைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். இரண்டும் சுத்தம். இதைச் சொன்னால், "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? புகையிலை ஒதுக்கி ஒதுக்கிக் கன்னத்தில் வந்த புண். அதை மட்டும் எடுத்தால் போதாதா என்று நான் டாக்டரிடம் சண்டைக்கு நின்றேன்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மில்லுல பிட்டர்."

"தகடு துருப்பிடிச்சா, துருவ மட்டும் சுரண்டிட்டு ஒட்டுப் போடுவீங்களா?"

"மாட்டேன். நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் வெட்டணும்."

"அதேதான். நல்ல சதையையும் கொஞ்சம் சேத்து எடுக்கணும். கழுத்துல இருக்கிற நெறிக்கட்டியையும் விடக்கூடாது."

கன்னத்தோடு பாதித் தாடையும் போயிற்று. எடுத்த இடத்தை எதைக் கொண்டு மூடுவது? உன் நெற்றித் தோலை உரித்தார்கள். காதோரம் ஓடுகிற ரத்தக்குழாயோடு ஒரு முனையை அறுக்காமல் விட்டு, மறுமுனையைத் திருப்பி வாய்க்குள் செலுத்திக் கன்னத்துக்கு உட்புறமாகத் தைத்தார்கள். அது அங்கே உயிர்பிடித்த பிறகுதான் காதோரம் விட்டிருந்த காம்பை வெட்டினார்கள். மொட்டையாக நின்ற நெற்றிக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோல். இவ்வளவு சுத்தமான பிட்டிங் வேலையை எந்த மில்லிலும் நான் பார்த்ததில்லை.

சின்ன வயசில் உன் நெற்றியில் குத்திய பச்சைப் பொட்டும் அந்தத் தோலோடு உள்ளே போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று, திறக்கிற மட்டும் வாயைத் திறந்து அதைத் தேடினாய். அழப்போகிறாய் என்று நினைத்தேன். குங்குமச் சிமிழை எடுத்து நெற்றியில் வைத்துவிட்டு, "ஒலகத்துலயே தொடைக்குப் பொட்டு வச்ச பொம்பள நான் ஒருத்திதான்டா" என்று சிரித்தாய். சிரித்தபோது கோணிய உதட்டோரம் எச்சில் வழிந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டாய்.

அன்றிலிருந்து நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாய். பாதித் தாடை போன வாயில் சோறு நிற்காது, சிந்தும். அதை நான் பார்க்கக் கூடாது. மூன்று நாள் பொறுத்தேன். அதற்குமேல் எனக்கு ஏது பொறுமை? தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உனக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

"தள்ளிப் போடா."

"முடியாது. சோறு ஆறுது, தின்னு."

தின்றாய். மாமா உன்னை விட்டு வேறு குடித்தனம் போனபோதுகூட அழாத நீ, அன்றைக்கு ரசச்சோற்றைத் தின்றுகொண்டே அழுதாய்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சந்தையில் உன் பக்கத்துக் கடை பேச்சியக்காவுக்கும் கன்னத்தில் அதே புண். தாடை எலும்பைத் தொட்டுவிட்டதாம். கரண்டு என்கிற கதிர்வீச்சு மட்டும் வைத்தால் நிற்காது, முதலில் வெட்டி எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் அதுவும் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சியக்கா மாட்டேன் என்கிறது. நேற்று கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் உட்காரவைத்து, தகடு, துரு, காமாலை எல்லாம் சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்.

"ஏன் தம்பி தொண்ட கிழியக் கத்துற? கத்திக்கா நான் பயப்படுறேன்?" என்றது.

"பின்ன எதுக்கு?"

காயைப் புரட்டிக்கொண்டே சொன்னது: "ஆபரேசன் முடிஞ்சு ஒங்கக்கா கடைக்குத் திரும்ப வந்தால்ல, அவ டீ குடிச்ச கிளாஸத் தனியா எடுத்து வச்சது நாந்தான். அது ஒட்டிக்கிரும்னு எல்லாருஞ் சொன்னாக. அவ அதப் பாத்தா. மறுநாள்லருந்து சாக்குக்குப் பின்னால போயி உக்காந்து குடிச்சா. நாளைக்கு எங்கிளாஸையும் ஒருத்தி தனியா எடுத்து வைப்பால்ல தம்பி?"

அக்கா, இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே. தராசுக்காரன் திட்டியதுவரை வந்து சொன்னவள், இதை மட்டும் ஏன் விழுங்கினாய்? நான் போய்ச் சண்டை போடுவேன் என்றா?

பேச்சியக்காவை நன்றாகக் கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்தேன். வந்தது வேறு.

"ஒட்டுற சீக்குன்னா எனக்கு இந்நேரம் வந்திருக்கணும். என் வீட்டுல ஆளுக்கொரு கிளாஸெல்லாம் கெடையாது. ஆபரேசன் முடிஞ்சு நேரா அங்க வாங்க."

"நீ என்ன சமைப்ப?"

"குழஞ்ச சோறு."

"அதத்தான திங்க முடியும்" என்று சிரித்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன்.

பிழைக்குமா என்று தெரியாது. உனக்கும்தான் முதலில் தெரியாமல் இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். பேச்சியக்கா வந்து நம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால், நான் விடமாட்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் உட்காருவேன்.

இப்படிக்கு,
இன்று அந்தச் சுவரைப் பார்த்துத் தின்றுகொண்டிருக்கும்
உன் தம்பி