கழற்றிய பாகங்கள் அனைத்தும்

ஈப்போ
3 பிப்ரவரி 2025

திரு. தர்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்களைத் திருடன் என்று சொன்னதாகச் செமோர் திடலில் பேச்சு அடிபடுகிறதாம். உங்கள் மனைவி ஷாமினி அழாத குறையாகத் தொலைபேசியில் கேட்டாள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். திருடன் என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. கோயிலில் உங்கள் கூட்டாளி சுரேனைப் பார்த்தபோது, "தர்மா திருப்பித் தந்த லாரியில் இருப்பது என் கணவருடைய எஞ்சின் இல்லை" என்று மட்டும்தான் சொன்னேன். கண்ணால் கண்டதைச் சொன்னேன். மற்றது சுரேன் சேர்த்துக்கொண்டது.

ஐயாத்துரை இருந்தபோது ஞாயிறு காலைகளில் கார் நிறுத்துமிடத்தில் அந்த லாரியை வைத்து எஞ்சினைச் சோதிப்பார். "புனிதம், ஒருக்கா இதைப் பிடியும்" என்பார். சக்கரங்கள் தரையில் படாமல் நான் தூக்கிப் பிடிப்பேன். அவர் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பார். ரிமோட்டில் ஓடுகிற லாரிதானே என்று பார்ப்பவர்கள் சிரிக்கலாம். அது பாட்டரியில் ஓடுவதில்லை, நைட்ரோ எரிபொருளில் ஓடுகிறது. அந்த நாற்றம் மத்தியானம் வரை என் கையில் இருக்கும். அந்த எஞ்சின் எனக்குப் புதிதல்ல. கயிறு தடையில்லாமல் வரும்.

இப்போது கயிறு பாதிக்கு மேல் வர மறுக்கிறது. உள்ளே எதுவோ இறுகிப் பிடிக்கிறது. எஞ்சினின் தலை வெள்ளி நிறமாக இருந்தது, இப்போது நீலம். பெரிய பல்சக்கரம் கறுப்புப் பிளாஸ்டிக், இப்போது இரும்பு. துடைத்து எண்ணெய் போட்டேன் என்றுதானே சொன்னீர்கள்?

இன்னொன்று. லாரி இருந்த பையை நான் உங்களிடம் கொண்டுவரவில்லை. அவருடைய அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுவாரமே நீங்களாக வந்து, "அப்படியே வச்சிருந்தா எஞ்சின் பிடிச்சுக்கும் அக்கா, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றீர்கள். எனக்கு ஜிப்பைத் திறந்து பார்க்கவே மனம் வந்திருக்கவில்லை. நம்பிக் கொடுத்தேன். அந்த அவசரம் எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன்.

கழற்றிய பாகங்கள் அனைத்தும், திருகாணிகள் உட்பட, எனக்கு வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்ப வேண்டாம். நான் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
திருமதி புனிதவதி ஐயாத்துரை


செமோர்
9 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தர்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கால்வலி தேவலையா என்று ஷாமினி கேட்கச் சொன்னாள். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது அவளுக்குத்தான், கல்யாணத்துக்கு முன்னால். அப்போது அவள் அப்பா விளக்கம் கேட்டார். இப்போது நீங்கள்.

எஞ்சின் கெட்டுப்போய் இறுகவில்லை அக்கா. பிஸ்டனும் அது ஏறி இறங்குகிற குழாயும் புதுசு. புது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிடிக்கத்தான் செய்யும். எரிபொருளைத் தாராளமாக விட்டு, நாலைந்து டாங்க் மெதுவாக ஓட்டிப் பழக்கினால் இளகிவிடும். நீலத் தலையும் இரும்புக் கியரும் அண்ணே ரொம்ப நாளாக ஆசைப்பட்டவை. "அடுத்த மாசம் போடுவம் தர்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கையில் எடுத்ததுதான் எடுத்தோம், அதையும் செய்து முடிப்போம் என்று போட்டேன். உங்களிடம் சொல்லாமல் போட்டது தப்புதான்.

பழைய சாமானெல்லாம் குப்பை லாரியில் போய்விட்டது. மன்னிக்கவும்.

நேற்று திடலில் சுரேன் என்னைப் பார்த்து, "மச்சான், அக்கா பாராங் கத்தியைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க லா, ஓடிடு!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் அக்கா, அண்ணேயின் பொருளில் கை வைக்கிறவன் என்று நீங்கள் நினைத்தது கஷ்டமாக இருந்தது.

அன்புடன்,
தர்மா


ஈப்போ
14 பிப்ரவரி 2025

திரு. தர்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஐயாத்துரையின் அலமாரியில் எஞ்சினோடு வந்த ஆங்கிலக் கையேடு இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். பிஸ்டனைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் அதிலும் இருக்கிறது. அந்த அளவில் நான் நினைத்தது தவறு. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சுரேனிடம் நானே அதைச் சொல்வேன்.

ஆனால் நன்றாக இருந்த எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டன் எதற்கு?

அன்றைக்கு மருத்துவமனை வாசலில் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஓட்டி முடித்தபின் அவர் மிச்ச எரிபொருளைக் கொட்டிவிட்டு, லாரியைத் துடைத்து, எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டுப் பையில் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நான் கொடுத்தனுப்பிய தேத்தண்ணியைக் குடித்தார். குடித்துச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்படித்தானே?

அப்படி எண்ணெய் விட்டு வைத்த எஞ்சின் மாதக்கணக்கில் கெடாது என்று கையேடு சொல்கிறது. அவரும் சொல்வார். பை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது சவ அடக்கத்துக்கு மறுநாள். ஆகவே இடையில் யாரோ ஓட்டியிருக்க வேண்டும். அவர் என் வீட்டுக் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்த நேரத்தில், உங்களில் ஒருவர் திடலில் அவருடைய லாரியை ஓட்டி உடைத்திருக்கிறீர்கள். வேறு எப்படி நான் நினைப்பது?

குப்பை லாரி விஷயம். போன வாரம் ஷாமினி என்னிடம், "உங்க லாரி சாமானையெல்லாம் பிஸ்கட் டின்ல போட்டு என் தையல் மெஷினுக்குக் கீழ வச்சிருக்காரு அக்கா, காலை நீட்ட முடியல" என்றாள். செமோரில் குப்பை லாரி தையல் மெஷினுக்குக் கீழேதான் நிற்கிறதா?

டின்னை அனுப்புங்கள்.

புனிதவதி ஐயாத்துரை


செமோர்
20 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

அண்ணே போன பிறகு அந்த லாரியை யாரும் ஓட்டவில்லை. என் பிள்ளைகள் மேல் ஆணை. சுரேனைச் சந்தேகப்படாதீர்கள். அவன் வாய்தான் பெரிசு.

டின்னை ஷாமினியிடம் கொடுத்து அனுப்புகிறேன். திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திறப்பீர்கள் என்றும் தெரியும்.

தர்மா


ஈப்போ
24 பிப்ரவரி 2025

தர்மாவுக்கு,

சாப்பாட்டு மேசையில் நாளிதழை விரித்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஷாமினி பக்கத்தில் இருந்தாள். பிறகு தேநீர்கூட வேண்டாம் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கை முறிந்திருக்கிறது. பல்சக்கரத்தில் ஒரு பக்கம் பல்லே இல்லை. பிஸ்டனைத் தள்ளுகிற தண்டு இரண்டு துண்டு. பிஸ்டன் கறுத்து, கீறல் விழுந்து கிடக்கிறது. பல்லிடுக்கில் காய்ந்த செம்மண்ணும் லாலாங் புல்லும் அப்படியே இருக்கின்றன.

திருமணமான நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். வேலைக்குக் காலில் போட்டுப் போன சப்பாத்தைக்கூட மண்ணோடு வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. இதை அவர் துடைத்தார் என்கிறீர்கள்.

யாரும் பிறகு ஓட்டவில்லை என்று பிள்ளைகள் மேல் ஆணையிடுகிறீர்கள். அதை நம்புகிறேன். அப்படியானால் இது அவர் கையில் இருந்தபோதே நடந்திருக்கிறது. முழு வேகத்தில் போய் மோதியிருக்கிறது. மோதிய பிறகும் எஞ்சின் நிற்கவில்லை, தண்டு முறியும் வரை ஓடியிருக்கிறது. கையேட்டின்படி, ரிமோட்டின் விசையிலிருந்து விரலை எடுத்தால் வேகம் தானாகக் குறைந்துவிடும். அவர் ஏன் விரலை எடுக்கவில்லை?

எனக்குத் தோன்றுவதை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தாரா, இல்லையா? எனக்கு இதமாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க வேண்டாம். என் கணவரின் கடைசி நேரம் எனக்கு உரியது. அதை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

புனிதவதி


செமோர்
11 மார்ச் 2025

அக்காவுக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். தாமதத்துக்கு அதுதான் காரணம்.

உட்காரவில்லை அக்கா.

பந்தயத்தில் கடைசிச் சுற்று. அண்ணே முன்னால், சுரேன் பின்னால். பழைய தோட்டத்து ஸ்டோர் இருந்த மேட்டில் அண்ணே லாரி ஏறிப் பறந்தது. அண்ணே சிரித்துக்கொண்டே, "சுரேன், இப்ப பார் ஓட்டத்தை!" என்றார். அப்படியே முழங்கால் மடிந்து உட்கார்கிற மாதிரி விழுந்தார். ரிமோட்டை விடவில்லை. விரல் விசையில் இறுகிவிட்டது. லாரி நேராகப் போய்ச் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் லோங்காங் வாய்க்காலில் விழுந்து கவிழ்ந்தது. சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுற்ற, எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் அண்ணேயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தச் சத்தத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. காரில் ஏற்றிக் கதவைச் சாத்தும்போது அதுவாக நின்றது.

வழியிலேயே போய்விட்டார். பேசவில்லை. வலித்த மாதிரியும் தெரியவில்லை. இது இதத்துக்காகச் சேர்த்தது இல்லை.

மருத்துவமனை வாசலில் நீங்கள் வந்ததும் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை, "தேத்தண்ணி குடிச்சவரா?" இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். குடித்தார் என்றால் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார் என்றால் ஓட்டி முடித்திருக்க வேண்டும். அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

பிறகுதான் தேத்தண்ணி பிளாஸ்க் ஞாபகம் வந்தது. நிறைந்தபடி அதை எப்படி உங்களிடம் கொடுப்பேன்? திடலுக்குத் திரும்பிப் போனேன். சுரேன் லோங்காங்கில் இறங்கி லாரியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். அழுகையில் அவனுக்கும் கண் தெரியவில்லை, எதையும் துடைக்கவில்லை. நான் அண்ணேயின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி முழுக்கக் குடித்தேன். இன்னும் சூடாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தீர்கள்.

பையை நீங்கள் திறப்பதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக வந்து கேட்டேன். பழைய பாகங்களைத் தூக்கிப்போட இரண்டு தடவை தெருமுனை வரை போனேன். அண்ணே கையில் கடைசியாக ஓடியது அதுதான். போட முடியவில்லை.

தர்மா


ஈப்போ
17 மார்ச் 2025

அன்புள்ள தம்பி தர்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தேன். மறுமுறை படிக்க இரண்டு நாள் ஆனது.

நீங்கள் சொன்னது பொய். இத்தனை மாதமும் நான் ஒவ்வொரு நாளும் அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன். அப்படி ஒன்று நடக்கவேயில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவளாவேன். சொல்லிவிட்டேன். இதை இனி பேச வேண்டாம்.

அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார் என்பதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை? சுரேன் கோயிலில் என்னைப் பார்த்தாலே பேச்சை மாற்றிவிட்டு நழுவுவான். ஏதோ குற்றம் செய்திருக்கிறான் என்றே நினைத்திருந்தேன். தோற்றுப்போன வெட்கமா என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சிரிக்கட்டும்.

கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், என் கையால் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார் என்று சொல்லி வந்திருக்கிறேன். அதை நான் திருத்தப் போவதில்லை. நீங்களும் திருத்த வேண்டாம்.

டின் என்னிடம் இருக்கட்டும். மண்ணைத் துடைக்கவில்லை.

எஞ்சினைப் பழக்க வேண்டுமே. முதல் டாங்குக்குச் சக்கரம் தரையில் படாமல் யாராவது பிடித்துக்கொள்வது நல்லது என்று கையேட்டில் இருக்கிறது. அதை நான் பிடிப்பேன். கயிற்றை நீங்கள் இழுங்கள். தரையில் விட்ட பிறகு சுரேன் ஓட்டலாம், ஆனால் மேட்டுப் பக்கம் போகக்கூடாது. பிளாஸ்க் கொண்டுவருவேன். இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது குடிக்க வேண்டும்.

மற்றொரு விஷயம். எஞ்சின் தலைக்கு நான்கு திருகாணிகள். டின்னில் மூன்றுதான் இருந்தன. ஷாமினி முன்னால்தான் எண்ணினேன்.

ஞாயிறு எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள், எனக்கு உட்கார நிழல் உண்டா, அந்த நாலாவது திருகாணி எங்கே? தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
புனிதம் அக்கா