உயரம் நின்றுபோன வருடம்

மார்ச் 4

இன்றும் கெஜேஷியா சந்தையில் இரண்டு பேர் என் மகள் போகுவாவின் கன்னத்தைக் கிள்ளி, பிள்ளையை நன்றாக வளர்க்கிறாய் என்றார்கள். எனக்குப் பெருமையாக இல்லை. முகமும் வயிறும் ஊதிக்கொண்டே போகின்றன. நான்கு வயதாகிறது, ஒரு வருடமாக உயரவே இல்லை. யாரிடம் சொல்வது? என் கணவன் ஆப்பியா இத்தாலியில். அவன் அக்கா டூஃபியின் வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் அவளிடம் சொன்னால், "குண்டுப் பிள்ளைக்கு வியாதி தேடி அலையுறவ நீ ஒருத்திதான்டி" என்று சிரிக்கிறாள்.

மார்ச் 11

பெரிய ஆஸ்பத்திரி. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடிப்போனால் இப்படி முகம் ஊதி வளர்ச்சி நின்றுவிடுமாம். அதையும் வளர்ச்சி ஹார்மோனையும் அளக்க வேண்டும் என்றார் டாக்டர் அடோமாக்கோ. ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 18

வெறும் வயிறு. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு அரைமணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். இரண்டு தடவை கத்தினாள். மூன்றாவது தடவை தானே கையை நீட்டினாள். அதுதான் தாங்கவில்லை. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே கஞ்சியோடு நின்றது. எங்களுக்கு யாரும் வரவில்லை.

மார்ச் 25

மாத்திரை கொடுத்தும் வளர்ச்சி ஹார்மோன் துளியும் ஏறவில்லையாம். ஆனால் கார்ட்டிசால் கூடவில்லை, இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு.

"இவ உடம்பு சுரக்கலம்மா. அதே மாதிரி ஏதோ வெளியிலேருந்து போகுது. தோல்ல பூசுறதும் கணக்குத்தான்" என்றார் டாக்டர்.

தோலில் பூசுவது — நிறம் கறுக்காமலிருக்க, ஒன்றரை வருடமாகத் தினமும் குளிப்பாட்டியதும் பூசுகிறேனே, டூஃபி தன் கடையிலிருந்து தரும் கிரீம். அது மருந்தென்று எனக்குத் தோணவே இல்லையே. என் கையாலயே, நானே.

டாக்டரிடம் கிரீமைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் இந்த வீட்டில் இருக்க முடியுமா? பேசாமல் பூசுவதை நிறுத்திவிட்டால் போதாதா?

மார்ச் 29

நிறுத்தியதில் நேற்று ஒரே வாந்தி. இன்று எழுப்பினால் எழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரிடம் எல்லாம் சொல்லி டப்பாவையும் கொடுத்துவிட்டேன். அவள் உடம்பு சொந்தமாகச் சுரப்பதையே மறந்துவிட்டதாம், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். ஊசி போட்ட பிறகு கண் திறந்தாள். இனி மாத்திரை, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஏப்ரல் 2

"என் பொருளை விஷம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டு, என் கூரைக்குக் கீழயே படுப்பியாடி?" என்றாள் டூஃபி. மூட்டை கட்டினேன்.

ஏப்ரல் 6

ஒற்றை அறை. பேச ஆளில்லை.

ஜூலை 20

ஆப்பியா போனில் மகளைப் பார்த்தான். முகம் வற்றியிருக்கிறது அல்லவா. "பிள்ளையைப் பட்டினி போடுறியா?" என்றான். சந்தைக்காரிகளும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அழுதேன்.

நவம்பர் 9

முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் போகுவா நிற்கிறாள். உள்ளே அவள்தான் தனியாக இருந்தாள். கம்பிக் கதவின் மேல் தாழ்ப்பாளை வெளியிலிருந்து போட்டிருந்தேன். இங்கே குடிவந்தபோது, கம்பி வழியே கையை விட்டாலும் அவளுக்கு எட்டாதது அது.

யார் திறந்தது என்றேன். "நான்தான்."

எதன் மேலாவது ஏறினாளா என்று உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி தாழிட்டுத் திறக்கச் சொன்னேன். இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை.

"போதும்மா, பசிக்குது" என்றாள்.