டவுன்லோடு முடியும்வரை அணைக்காதே

வாயாடிக்கு,

நேற்று சிமெண்ட் மூட்டை ஏற்றிய தோள் இன்னும் வலிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடு.

டிவிக்குக் கீழே இருக்கும் கேம் பெட்டியை அணைத்துவிடாதே. உன் கார் ரேஸ் டவுன்லோடு ஆகிறது.

"கையில பிடிக்க முடியாததுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?" என்று கத்திவிட்டு, அந்த ரேஸை டிஸ்க்காக வாங்கியவன் நான். உன்னைக் கேட்காமல் அதை எங்கள் சைட்டில் கிரேன் ஓட்டுகிறவரிடம் இரவல் கொடுத்தவனும் நான்தான். உனக்கு வாரத்தில் ஒரே நாள் லீவு. அன்றைக்குக் காலி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாயே, எனக்குத் தாங்கவில்லை. டவுன்லோடை எவனும் இரவல் கேட்க முடியாது. அன்றே டவுன்லோடாக வாங்கலாம் என்று நீ சொன்னதுதான் சரி, போ.

டிஸ்க் அவரிடமே கிடக்கட்டும். "உன் வீட்டுக்காரி அந்த ஏழாவது ரேஸ எப்படிப்பா முடிச்சாங்க? நாலு நாளா செவுத்துலயே முட்டுறேன்" என்கிறார். மூட்டையோடு நின்று சிரித்தேன்.

இன்னொன்று: ரெண்டு கன்ட்ரோலரும் சார்ஜில் இருக்கின்றன. சாயங்காலம் வந்து உன்னிடம் தோற்கிறேன்.

இதையும் எழுதிவிடுகிறேன்: கேட்காமல் கொடுத்ததற்கு உன் முகத்தைப் பார்த்து இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது பாக்கி.